டிடிஎஸ் கோப்பின் உரிமத்தை நாமே மாற்றலாமா?

பழைய போர்டின் டிடிஎஸ் கோப்பை (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) நகலெடுத்துத் திருத்தி, அதன் உரிமத்தைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் வரியை ‘ஜிபிஎல் 2.0 அல்லது எம்ஐடி’ என்று இரட்டை உரிமமாக மாற்றி லினக்ஸ் கர்னலுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மூலக் கோப்பு ஜிபிஎல் மட்டும் என்றால், அதில் பதிப்புரிமை உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். கோப்பை யார் யார் மாற்றினார்கள் என்று காட்டும் கிட் லாகைப் பாருங்கள். நாலைந்து பேர்தான் கைவைத்திருக்கிறார்கள் என்றால் மெயில் போட்டுக் கேட்டுவிடலாம். ஆனால் அலுவலக முகவரியிலிருந்து அனுப்பியவர்களின் பங்குக்கு உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம், அங்கேதான் இழுத்தடிக்கும். அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் ஜிபிஎல்லாகவே அனுப்புங்கள், கர்னலுக்கு அது போதும். ஃப்ரீபிஎஸ்டி போன்ற வேறு இயங்குதளங்களும் இதே கோப்புகளை எடுத்துக்கொள்வதால்தான் கர்னல்காரர்கள் இரட்டை உரிமத்தை விரும்புகிறார்கள்.

அப்புறம், நீங்களே புதிதாக எழுதிய யாமல் பைண்டிங் (ஒரு சாதனத்தை டிடிஎஸ்ஸில் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஆவணம்) வேறு கதை. அதற்கு ‘ஜிபிஎல் 2.0 அல்லது இரு விதி பிஎஸ்டி’ என்று போடுங்கள்; இல்லாவிட்டால் பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் முணுமுணுக்கும்.