ட்ரஸ்டியைப் பார்த்தாச்சு, ஆனால் அழைப்புகள் நிற்கவில்லையே?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருக்கிறோம். நான்கு கிரெடிட் கார்ட், ஒரு லைன் ஒஃப் கிரெடிட் (தேவைக்கேற்ப எடுக்கும் வங்கிக் கடன்) எல்லாம் சேர்த்து 46,000 டொலர் கடன். கணவருக்கு வேலையில் மணித்தியாலங்களைக் குறைத்த பிறகு மினிமம் தொகையைக்கூடக் கட்ட முடியவில்லை. போன கிழமை ஒரு இன்சொல்வன்சி ட்ரஸ்டியை (கடன் தீர்வுக்கு அரசு உரிமம் பெற்றவர்) பார்த்தோம். கன்சூமர் புரபோசல் (கடனில் ஒரு பகுதியைத் தவணையில் கட்டித் தீர்க்கும் சட்ட ஏற்பாடு) செய்யலாம் என்றார். பத்திரங்களைச் சேர்த்துக் கையெழுத்து வைக்க இன்னும் இரண்டு கிழமை ஆகும். அதற்குள் கலெக்‌ஷன் (கடன் வசூல்) ஆட்கள் ஓயாமல் போன் எடுக்கிறார்கள். என் வேலையிடத்துக்கும் எடுத்துவிட்டார்கள். அம்மா போனை எடுத்தால் அவருக்கும் ஏச்சு. இன்றைக்கு 300 டொலர் கட்டினால் இனி எடுக்க மாட்டோம் என்கிறார் ஒருவர். கட்டட்டுமா? லைன் ஒஃப் கிரெடிட்டில் அண்ணாவும் கையெழுத்து வைத்திருக்கிறார்.

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி. அந்த 300 டொலரால் ஒரு ஏஜென்சிதான் ஓரிரு நாள் அமைதியாக இருக்கும். மற்றவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். கட்டின ஆளை அவர்களும் லேசில் விடுவதில்லை, இன்னும் கொஞ்சம் கறக்கலாம் என்றுதான் நினைப்பார்கள். அந்தக் காசு புரபோசலின் முதல் மாதத் தவணைக்கு உதவும். போனில் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் இப்போது ஒரு இடைவெளியில் நிற்கிறீர்கள். ட்ரஸ்டியைப் போய்ப் பார்த்ததால் மட்டும் எந்தப் பாதுகாப்பும் வராது. நீங்கள் கையெழுத்து வைத்து, அவர் அதை மத்திய அரசின் வங்குரோத்துக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் நேரத்திலிருந்துதான் சட்டத் தடை விழுகிறது. அதற்குப் பிறகு கார்ட் போல, அடைமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் உங்களிடம் வசூலிக்கவோ, வழக்குப் போடவோ, சம்பளத்தில் வெட்டவோ முடியாது. வட்டியும் அன்றோடு நிற்கும். அதனால் ஏச்சு வாங்கிக்கொண்டு இரண்டு கிழமை இருப்பதைவிடப் பத்திரங்களை இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலும் தாமதம் நம் பக்கத்தில்தான்: சம்பளச் சீட்டு, வரி மதிப்பீட்டுக் கடிதம், கார்ட் அறிக்கைகள்.

அதுவரை வரும் அழைப்பில் அதிகம் கதைக்க வேண்டாம். “நான் ட்ரஸ்டி மூலம் புரபோசல் பதியப்போகிறேன்” என்று சொல்லி அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வையுங்கள். அழுது விளக்கம் சொல்வதால் ஒரு பலனும் இல்லை, மறுமுனையில் இருப்பவருக்கு அது ஒரு குறிப்பு மட்டும்தான். எந்த ஏஜென்சி, எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒன்ராறியோவில் கலெக்‌ஷன் ஏஜென்சிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவு 9 மணிக்குப் பிறகோ காலை 7 மணிக்கு முன்போ எடுக்கக்கூடாது. ஞாயிறு என்றால் பகல் 1 முதல் 5 வரைதான். ஒருமுறை உங்களோடு கதைத்த பிறகு, ஏழு நாளில் மூன்று தடவைக்கு மேல் தொடர்புகொள்ளக்கூடாது. வேலையிடத்துக்கு, நீங்கள் அங்கே வேலை செய்வதை உறுதிப்படுத்த ஒரு தடவை எடுக்கலாம், திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. அம்மாவிடம் உங்கள் விலாசத்தையோ இலக்கத்தையோ கேட்கலாம், ஏசுவதற்கு உரிமை இல்லை. “மகள் வீட்டில் இல்லை” என்று சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள். மீறினால் மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடலாம், அந்தக் கொப்பி அப்போது உதவும். வங்கியே நேரடியாக எடுத்தால் அதற்கு மத்திய விதிகள், அது வேறு.

“நாளைக்கே சம்பளத்தில் வெட்டுவோம்” என்றால் நம்பாதீர்கள். சாதாரண கார்ட் கடனுக்கு வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமல் அது நடக்காது. வரித் திணைக்களம் அப்படியில்லை, அவர்களுக்கு நீதிமன்றம் தேவையில்லை. வரிக் கடன் இருந்தால் ட்ரஸ்டியிடம் மறைக்காதீர்கள். பொலிஸ், சிறை, நாடு கடத்தல் என்று எவராவது சொன்னால் போனை வையுங்கள். கடன் கட்டாதது இந்த நாட்டில் குற்றமில்லை.

பதிவு செய்த பிறகும் சில நாள் அழைப்பு வரலாம், அறிவித்தல் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் அல்லவா. கோப்பு இலக்கத்தைச் சொல்லுங்கள், அதற்கு மேலும் விடாவிட்டால் ட்ரஸ்டியிடம் சொல்லுங்கள். கடன் கொடுத்தவர்களுக்கு 45 நாள் அவகாசம். அதற்குள், மொத்தக் கடனில் 25 வீதத்தையாவது கொடுத்தவர்கள் இதைப் பற்றி வாக்களிக்கக் கூட்டம் கேட்காவிட்டால் புரபோசலை ஏற்றதாகவே கருதப்படும். தவணைக்காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் போகாது. ஆனால் மூன்று மாதத் தவணை அளவுக்குத் தவறவிட்டால் புரபோசலே ரத்தாகி, பழைய கடன் திரும்ப வரும். கணவரின் குறைந்த மணித்தியாலத்தை வைத்தே மாதத் தொகையைக் கணக்குப் பாருங்கள், பழைய சம்பளம் திரும்பும் என்ற நம்பிக்கையில் அல்ல.

பதிவுக்கு முன் இன்னொரு வேலை. கடன் இருக்கும் வங்கியிலேயே சம்பளமும் பிள்ளைகளுக்கான அரசுக் கொடுப்பனவும் விழுகிறதா? கடன் இல்லாத வேறு வங்கியில் கணக்குத் திறந்து இரண்டையும் அங்கே மாற்றுங்கள். இருக்கிற காசைக் கடனுக்குக் கழித்துக்கொள்ளும் வழி வங்கிகளுக்கு உண்டு. கார்ட்டில் இனி ஒரு பாலைக்கூட வாங்க வேண்டாம்.

சீட்டுப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நம் ஆட்கள் பொதுவாக எழுதுவதும் இல்லை. சீட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கடன்தான். எடுக்காத சீட்டு என்றால் அது சொத்து. இரண்டையும் ட்ரஸ்டியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்தக்காரருக்கு முதலில் கொடுத்துவிடுவோம் என்று அவசரப்படாதீர்கள், அது பிறகு கேள்வியாக வரும்.

அண்ணாவின் விஷயம்தான் எனக்குக் கவலை. புரபோசல் உங்களைத்தான் காக்கும், கூடக் கையெழுத்து வைத்தவரை அல்ல. நீங்கள் பதிந்ததும் லைன் ஒஃப் கிரெடிட்டின் முழு மிச்சத்தையும் வங்கி அவரிடம் கேட்கலாம், இப்போது உங்களுக்கு வரும் அழைப்புகள் அவருக்குப் போகலாம். கையெழுத்துக்கு முன் மிச்சத் தொகையோடும் மாத மினிமத்தோடும் போய் அவரோடு கதையுங்கள். மினிமத்தை அவர் தவறாமல் கட்டினால் பெரும்பாலும் வங்கி நெருக்காது. அவராலும் முடியாதென்றால் அவரையும் கூட்டிக்கொண்டு அந்த ட்ரஸ்டியிடமே போங்கள். முதல் சந்திப்புக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை.