பாசிக்குடா விடுதியின் இணையத்தளத்தில் வரும் குக்கீ (பிரவுசரில் தளம் சேமிக்கும் சிறு தகவல்) அனுமதிப் பெட்டியைத் தானாகவே ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளில் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் தானாக நடக்க வேண்டியது மொழியைத் தெரிவு செய்வது மட்டும்தான். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே செய்து வையுங்கள். மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு வரி. இயந்திரத்தில் போட்டு எடுத்து, மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினால் சரி. மட்டக்களப்பில் யாருக்காவது ஜேர்மனியிலோ பிரான்சிலோ ஒரு மாமா இருப்பார்.

எந்த மொழி என்பதற்கு, பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் அதன் மொழியைச் சொல்லும் 'லாங்' மதிப்பை முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசரின் மொழி. அதற்கும் உங்களிடம் மொழிபெயர்ப்பு இல்லையென்றால் ஆங்கிலம். எந்த நாட்டு இணைப்பு என்று காட்டும் ஐபி முகவரியை வைத்து ஊகிக்க வேண்டாம். கடற்கரையில் இருக்கும் ஜேர்மன்காரர் இலங்கை சிம் போட்டிருப்பார், அவருக்குச் சிங்களத்தில் பெட்டி வந்து நிற்கும்!

பலர் செய்வது, கூகுளின் மொழிபெயர்ப்பு விட்ஜெட்டை, அதாவது பக்கத்தை அங்கேயே மொழிபெயர்க்கும் சிறு கருவியை, ஒட்டிவிடுவது. அது வெளிச் சேவையகத்தை அழைக்கும், தானும் ஒரு குக்கீ போடும். அனுமதி கேட்கும் பெட்டியே அனுமதிக்கு முன் குக்கீ போடுவது என்ன நியாயம்?

விருந்தினரின் மொழியில் பெட்டியைக் காட்டுவது வெறும் மரியாதைக்காக அல்ல. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், அங்குள்ளவர்களைக் குறிவைத்துச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். ஜேர்மன் பக்கம், யூரோ விலை இரண்டும் அதற்கான அடையாளங்களாகக் கொள்ளப்படலாம். விளங்காத மொழியில் வாங்கிய சம்மதம் அங்கே நிற்காது.

அப்புறம், ஜேர்மன் சொற்கள் நீளமானவை. 'மறுக்கிறேன்' பொத்தான் சின்னத் திரையில் வெளியே தள்ளப்படுகிறதா என்று கைப்பேசியில் பாருங்கள். சம்மதத்தைப் பதியும்போது எந்த மொழி வாசகத்துக்குச் சம்மதித்தார் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள்.