லீன் முறையில் தொழிலாளருக்கு மரியாதை என்பது நடைமுறையில் என்ன?

விரயத்தைக் களைந்து வேலையைத் தொடர்ந்து மேம்படுத்தும், டொயோட்டாவில் வேர்கொண்ட லீன் முறையின் பயிற்சிகளில் தொழிலாளரை மதிப்பது ஓர் அடிப்படைக் கொள்கை என்கிறார்களே, மேலாளர்கள் கனிவாகப் பேசினால் அது நிறைவேறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கனிவு வேண்டியதுதான். ஆனால், ஒரு தொழிற்சாலை தன் ஆட்களை மதிக்கிறதா என்பது அங்கே வேலை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் தெரியும் என்பது, உற்பத்திப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய என் உறுதியான கருத்து.

டொயோட்டா நிறுவனம் 2001-இல் தன் வழிமுறையை எழுத்தில் வகுத்தபோது, தொடர்ந்த மேம்பாடு, மனிதருக்கு மரியாதை ஆகிய இரண்டையும் அதன் தூண்களாக வைத்தது. எண்ணம் அதைவிடப் பழையது. அந்நிறுவனத்தார் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே தேவையான அளவே உற்பத்தி செய்ய அட்டைகளால் தகவல் தரும் கான்பன் முறையோடு இதுவும் இடம்பெற்றிருந்தது.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலையில் வேலைக்கு வராதோர் விகிதம் 20 சதவீதத்தை எட்டியிருந்தது. நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தன. 1982-இல் ஆலை மூடப்பட்டது. டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து நும்மி என்ற பெயரில் 1984-இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது, பணியில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதே சங்கம். ஆயினும் சிறிது காலத்திலேயே வருகையும் வாகனங்களின் தரமும் வியக்கத்தக்க அளவில் உயர்ந்தன.

முன்பு அங்கே எது நடந்தாலும் வண்டிகள் நகர்ந்து செல்லும் உற்பத்தி வரிசை, அதாவது லைன், நிற்கக் கூடாது. குறையோடு நகரும் வண்டியைக் கடைசியில் யாராவது சரிசெய்வார்கள். புதிய முறையில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலுள்ள ‘ஆண்டான்’ எனப்படும் எச்சரிக்கை விளக்கின் கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் அங்கே வருகிறார். வண்டி அந்த வேலையிடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் சிக்கல் தீர்ந்தால் லைன் ஓடும், தீராவிட்டால் நிற்கும். ஒரு தொழிலாளியின் கண்ணையும் தீர்ப்பையும் நம்பி இவ்வளவு செலவு பிடிக்கும் முடிவை அவர் கையில் விடுவதை விடப் பெரிய மரியாதை எது?

இதற்குத் துணையாக வேலைப் பாதுகாப்பும் இருந்தது. நிறுவனத்தின் நீண்டகால நிலைப்புக்கே ஆபத்து வந்தாலன்றி ஆட்குறைப்பு இல்லை என்றும், அதற்கு முன் நிர்வாகிகளின் சம்பளம் குறைக்கப்படும் என்றும் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தார்கள். 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது, உபரியானவர்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டுப் பணிகளிலும் ஈடுபடுத்தினார்களே தவிர, யாரையும் வெளியேற்றவில்லை. இந்த உறுதி இல்லாத இடத்தில், நான்கு பேர் செய்யும் வேலையை மூவர் செய்யும் வழியை எந்தத் தொழிலாளி முன்வந்து சொல்வார்?

கயிற்றையும் விளக்கையும் மட்டும் வாங்கிப் பொருத்திய ஆலையையும் பார்த்திருக்கிறேன். விளக்கு எரிந்தால் உதவிக்கு ஆள் வராது. லைன் நின்ற நிமிடங்கள் மட்டும் இழுத்தவர் பெயரில் பதிவாகும். சில வாரங்களில் அந்தக் கயிற்றை யாரும் தொடவில்லை. நிர்வாகமோ அதைக் குறைகள் ஒழிந்ததற்கான அடையாளமாகவே எடுத்துக்கொண்டது.

டொயோட்டாவையும் இந்த அளவுகோலால்தான் பார்க்க வேண்டும். 2008-இல் உலக நெருக்கடி தொடங்கியபோது அந்நிறுவனம் ஜப்பானில் நிரந்தரத் தொழிலாளரைக் காத்தது. ஆனால் ஆயிரக்கணக்கான தற்காலிகத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். ஒரே லைனில் அருகருகே நிற்கும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே உரிய மரியாதையை முழுமையானது என்று என்னால் ஏற்க இயலவில்லை. ஆகவே, உங்கள் நிறுவனத்தில் லீன் தொடங்கினால், கயிற்றை இழுத்தவரிடம் யார், எவ்வளவு விரைவில் வருகிறார் என்பதையும், மேம்பாட்டினால் வேலை குறைந்தவர் அடுத்து எங்கே அனுப்பப்படுகிறார் என்பதையும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதே விதி பொருந்துகிறதா என்பதையும் முதலில் கேளுங்கள்.