சிஆர்பி 186ல இருந்து 19.8 ஆயிடுச்சு, அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டு போலாமா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயசு, நிமோனியானு அட்மிட் பண்ணிருக்கோம். முதல் நாள் சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கானு காட்டுற ரத்த டெஸ்ட்) 186, மறுநாள் வேற லேப்ல எடுத்தப்ப 19.8. புரோகால்சிடோனின்னு இன்னொரு ரத்த டெஸ்ட் 0.4, யூரியா 58. இவ்ளோ குறைஞ்சும் டாக்டர் இப்ப டிஸ்சார்ஜ் வேணாங்கிறார், ஏன்?

பதில்: அந்த நம்பருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குனு பாருங்கம்மா. முதல் லேப் லிட்டர் கணக்குல குடுத்திருக்கும், ரெண்டாவது லேப் அனேகமா டெசிலிட்டர் (லிட்டர்ல பத்துல ஒரு பங்கு) கணக்குல. 19.8ஐ பத்தால பெருக்குங்க, 198. குறையவே இல்ல, கொஞ்சம் ஏறித்தான் இருக்கு.

அதுக்காக பதறாதீங்க. சிஆர்பி கல்லீரல் சுரக்குற புரதம், உச்சத்துக்குப் போகவே ரெண்டு நாள் ஆகும், அதனால ஆன்டிபயாடிக் நல்லா கேட்டாலும் ஆரம்பத்துல ஏறுற மாதிரிதான் தெரியும். நாலாவது நாள் பாதியா குறைஞ்சிருக்கானுதான் நாங்க பாப்போம், குறையலேன்னா மருந்து சரியில்லையா, நுரையீரலைச் சுத்தி சீழ் கட்டிருக்கானு தேடுவோம். (1930ல சிஆர்பிய முதல்ல கண்டுபிடிச்சதே நிமோனியா நோயாளிங்க ரத்தத்துலதான், இருந்தும் முதல் நாள் நம்பர மட்டும் வச்சு யாரு ஐசியூவுக்குப் போவாங்கனு சொல்ல முடியாது.)

புரோகால்சிடோனின் 0.4ங்கிறது பாக்டீரியாவா இருக்கலாம்னு காட்டுது, அவ்ளோதான். கிட்னி கோளாறு இருந்தா அது சும்மாவே ஏறி நிக்கும்.

உங்க டாக்டர் பாத்தது அனேகமா யூரியாவ. நிமோனியா எவ்ளோ தீவிரம்னு பாக்க எங்ககிட்ட ஒரு மார்க் கணக்கு இருக்கு: வயசு 65 தொட்டா ஒண்ணு, யூரியா 42க்கு மேல போனா ஒண்ணு, மூச்சு நிமிஷத்துக்கு 30 ஆனா ஒண்ணு, பிபி மேல் அளவு 90க்குக் கீழயோ கீழ் அளவு 60ஓ அதுக்குக் கம்மியோ ஆனா ஒண்ணு, புதுசா புத்தி தடுமாறினா ஒண்ணு. அப்பாவுக்கு இப்பவே ரெண்டு வந்துடுச்சு, ரெண்டுனா ஆஸ்பத்திரியிலதான் வச்சுப் பாக்கணும். மூணு வந்தா ஐசியூ தேவையானு யோசிப்போம்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அவர் தூங்கும்போது, சொல்லாம, வயிறு ஏறி இறங்குறத போன்ல முழுசா ஒரு நிமிஷம் வச்சு எண்ணுங்க, சொல்லிட்டு எண்ணினா மூச்சையே மாத்தி விடுவார். 30 வந்தாலோ, உங்கள அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம உடனே நர்ஸ்கிட்ட போங்க. அடுத்த சிஆர்பிய அதே லேப்லயே குடுங்க.