செபம் வரவில்லை, சபையை விட்டுவிடலாமா?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில், எங்கள் பங்கின் கிளையில் நீண்ட காலமாக இருக்கிறேன். இப்போது செயலர். எங்கள் கிளையில் எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாரம் ஒரு கூட்டம். தொடக்க செபம், ஆன்மிக வாசகம், அறிக்கை, இல்லச் சந்திப்பு விவரங்கள், இரகசியக் காணிக்கை, முடிவு செபம் என்று எல்லாம் முறையாக நடக்கிறது. பங்கு மக்கள் என்னைப் பக்தியான மனிதர் என்கிறார்கள்.

என்னால் செபிக்க முடியவில்லை, அம்மா. வாய் சொல்கிறது, அதைக் கேட்பதற்கு மறுபக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. திருப்பலியில் நற்கருணையை உயர்த்தும் நேரத்தில் என் மனம் அடுத்த வாரக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தில் செபத்தை நடத்துவதும் நான்தான். நோயாளியின் கட்டிலருகே நின்று "கடவுள் கைவிடமாட்டார்" என்று சொல்லும்போது, பொய்ச்சாட்சி சொல்வதாகவே உணர்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் இதைச் சொன்னேன். வறட்சி எல்லாருக்கும் வரும், செபத்தை விடாதீர்கள் என்றார் பங்குத்தந்தை.

எப்போது தொடங்கியது என்று யோசித்தால், போன வருடமாக இருக்கலாம். அந்தச் சமயத்தில் என்னோடு இல்லச் சந்திப்புக்கு வரும், நான் அண்ணன் என்று அழைக்கும் சபை உறுப்பினர் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கத் திருப்பலி, கல்லறை ஏற்பாடு, சபையின் சார்பில் இரங்கல் உரை எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்திலேயே அவர் இடத்தில் ஓர் இளைஞரை என்னோடு சேர்த்துவிட்டார்கள். வேலை நிற்கக்கூடாது அல்லவா? அந்த இளைஞரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. துக்கத்திலிருந்த ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்தார். வெளியே வந்ததும் தெருவிலேயே சத்தம் போட்டேன்.

சபையில் ஒருவரை ஒருவர் சகோதரர் என்றுதான் அழைக்கிறோம். எந்தச் சகோதரருக்கு என்ன வேதனை என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் சந்திப்பு முடிந்து நடந்து வரும்போதே மனதின் பாதிப் பாரம் இறங்கிவிடும். இப்போது வீட்டுக்கு வந்தாலும் இறங்குவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். "எல்லார் வீட்டுக்கும் போகிறீர்கள், நம் வீட்டுக்கு மட்டும் விருந்தாளியாக வருகிறீர்கள்" என்கிறாள் மனைவி.

விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டேன். விசுவாசம் வற்றிப்போனவன் மற்றவர்களுக்குச் செபம் நடத்துவது வெளிவேடம்தானே? விலகுவதுதானே நேர்மை?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதம் கடவுளைப் பற்றியது போலத்தான் தொடங்குகிறது. இரண்டாம் முறை படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அண்ணனின் மரணம் நடுவில் சில வரிகளில் வந்து போகிறது. அந்த வரிகளிலும் பெரும்பகுதி ஏற்பாடுகளைப் பற்றியது. அவர் எப்படிப்பட்டவர், எத்தனை காலப் பழக்கம், எதற்குச் சிரிப்பார் என்று ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஓரிடத்தில், நடந்து வரும்போதே பாதிப் பாரம் இறங்கிவிடும் என்கிறீர்கள். யாரோடு நடந்து வந்தீர்கள் என்று எழுதவில்லை. எழுத முடியவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் விசுவாசம் போய்விட்டதா என்று அளந்து சொல்லும் கருவி என்னிடம் இல்லை. நீங்கள் ஒரு நண்பரை இழந்திருக்கிறீர்கள், அந்த இழப்புக்கு இதுவரை துக்கம் காக்கவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். கணவனை இழந்தவளுக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் ஊரே ஆறுதல் சொல்லும். கூடவே நடந்த நண்பனுக்கு? அவன் பந்தல் போடவும் குழி வெட்ட ஆள் பார்க்கவும் ஓடிக்கொண்டிருப்பான். அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் இதற்கென்றே ஒரு தொகுப்பு நூலைக் கொண்டுவந்தார். சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று அதை விளக்கினார். வெளிப்படையாக அழ உரிமை கிடைக்காதவர்களின் துக்கம் ஆறாமல் நீடிக்கிறது என்பது அவர் வாதம். உங்களுக்கோ இரங்கல் உரையைக்கூட "சபையின் சார்பில்" படிக்க வேண்டியதாயிற்று. உங்கள் சார்பில் யார் பேசினார்கள்?

பங்குத்தந்தை சொன்னதில் பிழை இல்லை. ஆனால், அண்ணன் இறந்ததை நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று ஊகிக்கிறேன். பாவப் பட்டியலில் அது வராது அல்லவா?

உங்கள் சபையைப் பற்றியும் கொஞ்சம் மனம் திறந்து பேச வேண்டும். இரகசியக் காணிக்கை ஓர் அருமையான ஏற்பாடு. யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாததால், இல்லாதவர் கூசுவதில்லை, இருப்பவர் நெஞ்சு நிமிர்த்துவதில்லை. அந்த இரகசியம் பணத்தோடு நின்றிருக்கலாம். உங்கள் கூட்டத்தில் அது மனதுக்கும் பரவிவிட்டது. இன்னார் வீட்டுக்குப் போனோம், இன்னது கொடுத்தோம் என்று அறிக்கை வாசிக்கிறீர்கள். வாசிப்பவரின் குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்பதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. ஆண்கள் கூடும் பல குழுக்களில் இதைப் பார்த்துவிட்டேன். கையில் வேலை இருக்கும்வரை எல்லாரும் நெருக்கம். வேலை முடிந்ததும் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

உங்கள் சபை இப்படித் தொடங்கவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் முதல் கூட்டம் நடந்தபோது, சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிரெடரிக் ஓசானாமுக்கு வயது சரியாக இருபது, அன்று அவர் பிறந்தநாள். கூடியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஏழைகளுக்கு உதவுவதோடு, விசுவாசத்தைக் கேலி செய்த ஒரு நகரத்தில் தங்கள் விசுவாசத்தை ஒருவருக்கொருவர் காத்துக்கொள்வதும் அவர்கள் நோக்கமாக இருந்தது. ஆன்மிகம், நட்பு, சேவை மூன்றையும் சபையின் அடிப்படையாகவே சொல்வார்கள். நடுவில் இருப்பதைத்தான் உங்கள் கிளை மறந்துவிட்டது. ஓசானாமும் பள்ளிப் பருவத்தில் விசுவாசத்தைக் குறித்த கடும் ஐயத்தில் தவித்தவர். நுவாரோ என்ற குரு, அவருடைய தத்துவ ஆசிரியர், அவரோடு நீண்ட நடை நடந்து பேசியே அதிலிருந்து மீட்டார். வாதத்தில் வென்று அல்ல, உடன் நடந்து. உங்களுக்கு நின்றுபோனதும் அந்த நடைதான்.

வெளிவேடமா என்று கேட்டீர்கள். வெளிவேடக்காரருக்குத் தம்மை எல்லாரும் பார்க்க வேண்டும். நீங்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். விவிலியத்தின் திருப்பாடல்கள் நூலில் 88-ஆம் பாடலை எடுத்துப் படியுங்கள். புலம்பலாகத் தொடங்கும் மற்ற பாடல்கள் பலவும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது. அன்பரையும் தோழரையும் என்னிடமிருந்து அகற்றிவிட்டீர் என்று கடவுளிடமே குற்றம் சொல்லி, இருளில் முடிந்துவிடும். திருச்சபை இந்தப் பாடலை நீக்கவில்லை. திருச்சபையின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையில், ஒவ்வொரு வெள்ளி இரவும் குருக்களும் துறவிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். செபம் வராத நாள்களில் உங்களுக்கு இது போதும். நோயாளியின் கட்டிலருகே, உங்களால் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டாம். "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லி உட்காருங்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

விலகல் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஆன்ம வறட்சியில் இருக்கும்போது முன்பு தெளிவோடு எடுத்த முடிவுகளை மாற்றக்கூடாது என்பது புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் தந்த விதி. ஆலோசகராக நானும் அதையே சொல்வேன், துக்கம் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் இருப்பதையும் இழக்க வைப்பவை. செயலர் பொறுப்பையும் செபம் நடத்துவதையும் மூன்று மாதம் வேறொருவரிடம் தரும்படி தலைவரிடம் கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்: "அண்ணன் போனதிலிருந்து என்னால் முடியவில்லை." இந்த ஒரு வாக்கியம் போதும். கூட்டத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் உங்களுக்காகவும் செபிக்கட்டும். மாற்கு நற்செய்தியில் நான்கு பேர் ஒரு முடக்குவாதக்காரரைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது சுமந்து வந்தவர்களின் நம்பிக்கையை. நீங்கள் எப்போதும் அந்த நால்வரில் ஒருவராகவே இருந்துவிட்டீர்கள். கட்டிலில் படுப்பதற்குக் கூச்சமாக இருக்கும், தெரியும்.

அந்த இளைஞரைப் பற்றி ஒன்று. கைப்பேசியை எடுத்தது தவறுதான். ஆனால் அவருடைய நிலையையும் பாருங்கள். இறந்துபோன ஒருவரின் இடத்தில் அவரை நிறுத்திவிட்டு, அந்த இடம் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை ஒழுங்காக நடந்தாலும் அவரால் அண்ணனாக முடியாது, ஏன் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் அவருக்குப் புரியாது. அடுத்த முறை நடந்து வரும்போது அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள். அண்ணன் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவார், எங்கே உட்காருவார் என்று சொல்லுங்கள். கைப்பேசியைப் பற்றித் தனியாக அறிவுரை தேவைப்படாமல் போகலாம்.

அண்ணனின் மனைவியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒன்றுமே இல்லாததால் கேட்கிறேன். ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போகும் நீங்கள் அந்த ஒரு வீட்டைத் தவிர்த்து வருகிறீர்களோ என்று தோன்றுகிறது. உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். சபையின் சார்பில் போகாதீர்கள், அறிக்கையிலும் எழுதாதீர்கள். அங்கே அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

மூன்று மணி விழிப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எரிச்சல், தூக்கக் குறைவு, எதிலும் மனம் ஒட்டாமை ஆகியவை ஆண்களிடம் மனச்சோர்வின் முகமாகவும் இருக்கும். அழுகை வராததால் மனச்சோர்வு இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆன்ம இருளைப் பற்றி எழுதிய சிலுவையின் புனித யோவானே, பதினாறாம் நூற்றாண்டில், இந்த வறட்சி உடல்நலக் கோளாறிலிருந்தும் வரலாம், இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்று எச்சரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பு, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்கும் துக்கத்தைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் குறிக்கிறது. இறந்தவர் துணைவராகவோ பெற்றோராகவோ பிள்ளையாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை, நெருக்கமான வேறு எவராகவும் இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. மருத்துவ நூலில் உங்களுக்கு இடமுண்டு. ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே போங்கள், மனைவியிடமும் அன்றைக்கே சொல்லுங்கள்.

மனைவி சொன்ன வாக்கியத்தை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது அழைப்பாகக் கேட்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்து, எதுவோ சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. மூன்று மாதம் கழித்தும் விலக வேண்டும் என்றே தோன்றினால், தாராளமாக விலகுங்கள். ஏன் என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.