நல்லவேளை, யாருக்கு?

கேள்வி: அன்புள்ள அம்மா, கோவையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குன்னூர் பக்கம். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அம்மாவைப் பெற்ற அம்மாயிதான் ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்தார். குரோஷே நானாக யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஓணத்துக்குக் கம்பளிப் பூ, தீபாவளிக்குக் கீ செயின், கிறிஸ்மஸுக்கு கிறிஸ்மா-கிறிஸ்சைல்டு பரிசாகக் கொடுக்கத் தொப்பி (சீட்டில் பெயர் வருகிறவர்தான் கிறிஸ்சைல்டு, அவருக்கு ரகசியமாகப் பரிசு) என்று விடுதியில் ஆர்டர் எடுக்கிறேன். போன டிசம்பரில் மட்டும் 14 தொப்பி, ஒன்று 180 ரூபாய். கடைசித் தொப்பிக்கு நூல் தீர்ந்துவிட்டது. அம்மாயிக்காக முந்தின குளிரில் ஆரம்பித்த ஸ்வெட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது (நூலும் அவர் வாங்கித் தந்ததுதான்). அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது அதில் முடித்து வைத்திருந்த ஒரு கையைப் பிரித்து ஆர்டரை முடித்தேன். நல்லவேளை, அவர்கள் கேட்டதும் அதே மெரூன் கலர். அம்மாயிக்கு 74 வயது, தோட்டத்தில் இலை பறித்தவர். ‘பரவாயில்ல பாப்பா, அடுத்த குளிருக்குப் பாத்துக்கலாம்’ என்று சிரித்தார். அம்மாதான் பிரச்சினை. முதல் வருஷம் ஒரு அரியர் விழுந்தபோதுகூட ஒன்றும் சொல்லாதவர், கிறிஸ்மஸ் லீவிலிருந்து ‘ஊசியைத் தூக்கிப் போடு, படிக்கிற வழியைப் பாரு, இது சோறு போடாது’ என்று தினமும் போனில் சண்டை போடுகிறார். அடுத்த சீசனுக்குத் தோடர் டிசைனைத் தொப்பியில் போட்டு விற்கலாம் என்று வேறு திட்டம் வைத்திருக்கிறேன். படிப்பும் கைவேலையும் சேர்ந்தே போகும் என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், நீலகிரி மாவட்டம்

பதில்: ஊசி இருக்கும் இடத்தில் கேமரா, மிருதங்கம், கிரிக்கெட் மட்டை என்று மாற்றிப் போட்டால், இதே கடிதம் எனக்கு மாதம் நான்கு வருகிறது. நேரத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று அவர்களுக்கெல்லாம் எழுதுவேன். உனக்கும் அதையே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கடிதத்தை இரண்டு தடவை படித்தும் ஒரு வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நல்லவேளை.

யாருக்குப் பெண்ணே நல்லவேளை? நூல் தீர்ந்துபோன உனக்கா? யாரோ ஒரு கிறிஸ்சைல்டுக்கா? ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பரில், குன்னூர்க் குளிரில், கை இல்லாத ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு சிரித்த அந்தக் கிழவிக்கா? அவர் காசில் வாங்கிய நூல். அவருக்கென்று பின்னிய கை. அதைப் பிரித்து இன்னொருத்திக்கு விற்றுவிட்டு வந்து கலர் ஒத்துப்போன சந்தோஷத்தை எனக்கு எழுதுகிறாய். இந்தக் காரியத்துக்குத் தமிழில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. நான் எழுதவில்லை, உனக்கே தெரியும்.

என் அப்பா தையல்காரர். தீபாவளிக்கு முந்தின பத்து நாள் அவர் வீட்டில் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. ஊர்த்துணி எல்லாம் முடிந்த பிறகு, தீபாவளி விடியற்காலை நான்கு மணிக்குத்தான் எங்கள் துணி மிஷின் ஏறும். காஜா எடுக்க நேரம் இருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று ஊக்குக் குத்திக்கொண்டு, என் தம்பி புதுச்சட்டையோடு தெருவில் வெடி வைப்பான். சாயங்காலம் அப்பா தூங்கி எழுந்து காஜா எடுத்துத் தருவார். நேரமில்லாமல் போவது எனக்குப் புரியும். சீசன் என்றால் என்ன என்பதும் தெரியும். வீட்டு வேலை கடைசிக்குப் போவதை நான் குற்றமே சொல்ல மாட்டேன். ஆனால் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், எங்களுக்கு எடுத்து வைத்த துணியில் ஒரு துண்டு வெட்டி அடுத்தவர் சட்டைக்குப் பை வைத்தவர் இல்லை அவர். வரிசையில் கடைசி என்பது வேறு, வரிசையிலிருந்தே தூக்கிவிடுவது வேறு.

இப்போது உன் அம்மாவிடம் வருவோம். உன் கடிதத்தில் நீயே எழுதியதைத் தேதி பார்த்து அடுக்கிப் பார்த்தாயா? அரியர் விழுந்தது முதல் வருஷம். அப்போது அவர் வாயைத் திறக்கவில்லை. நீ கையைப் பிரித்தது டிசம்பரில். சண்டை ஆரம்பித்தது கிறிஸ்மஸ் லீவில். படிப்புதான் கவலை என்றால் அரியர் விழுந்த அன்றைக்கே ஊசியைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருப்பார். அம்மாயி யாருடைய அம்மா? நீ பாயில் உட்கார்ந்து நூலைப் பிடித்து இழுக்க இழுக்க, கண்ணி கண்ணியாக ஒரு கை அவிழ்ந்து உருண்டையானதை உன் அம்மா பார்த்திருப்பார். பெற்ற தாய்க்கு என்று பின்னியதைத் தான் பெற்ற மகளே பிரிக்கிறாள். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வரவில்லை. சொன்னால் அம்மாயி ‘விடு, சின்னப்புள்ள’ என்று மறித்திருப்பார். அதனால் படிப்பு, சோறு என்று சுற்றிச் சுற்றி அடிக்கிறார். நம் வீடுகளில் அம்மாக்கள் எதை வைத்துச் சண்டை போடுகிறார்களோ, அநேகமாக அது அவர்களுக்கு வலிக்கிற இடமாக இருப்பதில்லை. நான் என் மகளிடம் பாத்திரம் கழுவுவதை வைத்துத்தான் எல்லாச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

ஆகவே அவருக்கு எதையும் புரியவைக்கும் வேலையை விடு. அவருக்குப் புரிந்துவிட்டது.

‘சோறு போடாது’ என்பது மட்டும் சரியில்லை, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் கூடவே போனது. அந்தக் கூலியில் அடுப்பெரிந்த வீடுகள் தெற்கே உண்டு. ஆனால் ஒன்று, கூலிக்குப் பின்னுகிறவர்களுக்குக் கணக்குத் தெரியும். உனக்குக் கண்ணி எண்ணத் தெரிகிறது, காசு எண்ணத் தெரியவில்லை. ஒரு தொப்பிக்கு நூல் 60 ரூபாய் என்று வைப்போம். ஐந்து மணி நேரம் பின்னுகிறாய் என்று வைப்போம். 180-இல் 60 போனால் 120. மணிக்கு 24 ரூபாய்! இதற்காகத்தான் இவ்வளவு ஓட்டமா?

கணக்கு எடுத்ததும் எடுத்தோம், இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு 400, 500 கிராம் நூல் பிடிக்கும். அதில் ஒரு கைக்கு 70, 80 கிராம் போகும். தொப்பிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அம்மாயியின் கையை நீ 180 ரூபாய்க்கு விற்றிருக்கிறாய்.

அந்தத் தொப்பியாவது ஒழுங்காக வந்திருக்குமா என்பதும் சந்தேகம். பிரித்த நூல் சேமியா மாதிரி சுருண்டுதான் வரும். நாற்காலி முதுகில் சுற்றி, அங்கங்கே கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் தொங்கவிட்டு, சுருள் நீங்கிய பிறகுதான் திரும்பப் பின்ன வேண்டும். அவசர ஆர்டருக்கு அதெல்லாம் நீ எங்கே செய்திருக்கப் போகிறாய்.

தோடர் டிசைன் பற்றியும் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு அதிலும் அதே கைதான் தெரிகிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்து வைத்துக்கொள்ளாமல், தோடர் பழங்குடிப் பெண்கள் இழையை எண்ணி எண்ணிப் போடுகிற பூத்தையல் அது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உன் மலையில் இருக்கிறது என்பதற்காக உன் சரக்கு ஆகிவிடாது. அக்ரிலிக் தொப்பியில் கட்டம் போட்டு ‘தோடர்’ என்று பெயர் வைத்து விற்காதே. ஆசை இருந்தால் அந்தப் பெண்கள் தைத்ததை விலை கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்.

படிப்பைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. உன் சீசனும் செமஸ்டரும் ஒரே நேரத்தில் வருகின்றன. தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் தேர்வு, தேர்வு முடிந்ததும் கிறிஸ்மஸ். உலகம் முழுக்கப் பின்னுகிறவர்கள் பலர் கிறிஸ்மஸ் வேலையை ஜூலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள், சும்மா இல்லை. அக்டோபருக்குப் பிறகு ஆர்டர் எடுக்காதே. அந்த அரியரை ஏப்ரலில் முடி. சரி, அது அவ்வளவுதான்.

ஸ்வெட்டருக்கு வருகிறேன். போய் மெரூன் நூல் வாங்கிவந்து ஒட்டுப்போட்டுவிடலாம் என்று நினைக்காதே. அதே கம்பெனி, அதே மெரூன் என்றாலும் சாயம் போட்ட லாட் மாறினால் நிறம் மாறும். கடை விளக்கில் தெரியாது, வீட்டு வாசல் வெயிலில் பளிச்சென்று தெரியும். மீதி நூல் உருண்டையில் லேபிள் இருந்தால் லாட் நம்பரைப் பார். அதே லாட் கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் மறைக்கப் பார்க்காமல் இரண்டு கையையும் வேறு நிறத்தில், சாம்பலோ கறுப்போ, பின்னிவிட்டு மணிக்கட்டுப் பட்டிக்கு மட்டும் மிச்சமிருக்கிற மெரூனைப் போடு. இரண்டு கையையும், இரண்டு முனையையும் வயர் இணைக்கிற ஒரே நீளமான வட்ட ஊசியில், இரண்டு உருண்டை வைத்து, சேர்த்தே ஏற்று. ஒரு காலுறை முடித்தவர்களுக்கு இரண்டாவதை ஆரம்பிக்க மனசு வராது என்று பின்னுகிறவர்கள் நடுவில் ஒரு கேலி உண்டு. ஒரு குளிர் முழுக்க இரண்டாவது கையை ஆரம்பிக்காதவள் நீ. உனக்கு இதுதான் மருந்து.

இன்னொரு கேள்வி. அது தலை வழியாகப் போடுகிற ஸ்வெட்டரா, முன்பக்கம் திறக்கிறதா? நீ எழுதவே இல்லை, யோசித்தாயா என்றும் தெரியவில்லை. தலை வழியாக என்றால் முன்பாகத்தைப் பிரித்து, பட்டன் வைத்துத் திறக்கிற மாதிரி திரும்பப் பின்ன வேண்டியதுதான். அந்தப் பிரிப்பை நான் தடுக்க மாட்டேன். 74 வயதில், வருஷக்கணக்கில் இலை பறித்த தோளை உயர்த்தி, கொண்டையைக் கலைத்து, சேலைக்கு மேல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுப் பார், அப்போது தெரியும். பட்டனைப் பெரிதாக வை, மரத்துப்போன விரலுக்குச் சின்னப் பட்டன் பிடிபடாது. மணிக்கட்டுப் பட்டியை இறுக்காதே, பாத்திரம் கழுவும்போது மேலே ஏற்றிவிட வேண்டும். வீட்டில் விறகடுப்பு இருந்தால், அக்ரிலிக் நூலில் பின்னியதைப் போட்டுக்கொண்டு அதன் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிடு. அது நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆட்டுக் கம்பளி அப்படி உருகாது.

‘அடுத்த குளிருக்குப் பாத்துக்கலாம்’ என்று அம்மாயி சொன்னதை உனக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறாய். அவர் அப்படித்தான் சொல்வார். பிரித்த கையைப் பார்த்துப் பேத்தியிடம் வேறென்ன சொல்வார்? இருபது வயசுக்காரி அடுத்த குளிர் என்று சொல்வதும், 74 வயசுக்காரர் சொல்வதும் ஒன்றா? டிசம்பர் வரை காத்திருக்காதே. வெயில் காலத்திலேயே முடித்துக் கொடு. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் மலையேறும் மே மாதத்தில்கூட உங்கள் ஊரில் சாயங்காலம் ஸ்வெட்டர் வேண்டியிருக்குமே. அதுவரை ஒரு ஆர்டரும் கிடையாது. பூவும் கிடையாது, கீ செயினும் கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்தச் சனிக்கிழமையே மேட்டுப்பாளையம் வழியாக பஸ் ஏறிப் போ. போனில் அளவு கேட்காதே, பழைய அளவையும் நம்பாதே. நேரில் போய், உன் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது டேப்பைப் பிடி. கழுத்துச் சரிவிலிருந்து தோள், தோளிலிருந்து மணிக்கட்டு. அம்மாயியை முழங்கையைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொல். தொங்கவிட்ட கையை அளந்து தைத்தால் கையை மடக்கும்போது சட்டை மேலே ஏறிவிடும், மணிக்கட்டில் குளிர் நுழையும். அப்பா எல்லாரையும் கையை மடக்கச் சொல்லித்தான் அளப்பார்.