பழத்தின் மேல் போட்ட பழி

வணக்கம்.

என் அம்மம்மா கோண்டாவிலில் இருந்தவர். "வயிற்றோட்டம் பரவுகிற நேரம் பழத்தைத் தொடாதே", "மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் தின்", "அழுகினதை உடனே எடு" என்று ஓயாமல் சொல்லுவார். இப்போது என் மகள் இதெல்லாம் மூடநம்பிக்கை என்கிறாள். எது சரி? இன்னொன்று: போன வருஷம் வாங்கி வைத்த பனாட்டில் (பனம்பழக் களியைக் காயவைத்தது) மழைக்குப் பிறகு பூஞ்சணம் பிடித்துவிட்டது. சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா?

ஒரு வாசகி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

*

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் அம்மம்மாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. படித்த வைத்தியர்களே பழத்துக்குப் பயந்திருக்கிறார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கேலன், இளவயதில் பழம் தின்று கடும் நோயில் விழுந்ததாக எழுதி வைத்தார். அவர் சொல்லை மேற்கு நாடுகள் பல நூற்றாண்டு நம்பின. 1832இல் வாந்திபேதி வந்தபோது அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பழம் விற்பதையே தடை செய்தார்கள்.

குற்றவாளி தண்ணீர். 1854இல் லண்டனில் வைத்தியர் ஜோன் ஸ்னோ ஒரு தெருக் குழாயைக் காட்டி அதைச் சொன்னார். பலர் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1873இல் ஊர் திரும்பினார். அதற்குப் பிறகும் 10 வருஷம் கழித்துத்தான் ஜெர்மன் விஞ்ஞானி கோக் வாந்திபேதிக் கிருமியை அடையாளம் கண்டார். கிறீனுக்கே கிடைக்காத அறிவை நம்முடைய ஆச்சிமாரிடம் எப்படி எதிர்பார்ப்பது? அவர்கள் கண்டதெல்லாம், தின்றவன் விழுந்தான் என்பதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பயத்துக்கு இன்னும் வலுவான காரணம் இருக்கிறது. நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றுகிற அழுக்கு கல் வெடிப்புகளுக்குள்ளால் விறுவிறென்று கிணற்றுக்கு இறங்கிவிடும். மலக்குழிக்குப் பக்கத்துக் கிணற்றில் அள்ளிக் கழுவிய பழத்தைவிட, கழுவாமல் தோலுரித்த வாழைப்பழம் பத்திரமானது. போன வருஷம் ஒரு திருவிழாக் கடையில், வெட்டி அடுக்கிய வத்தகப்பழத்தின் மேல் ஈ மொய்க்க, பையன் ஒருவன் வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தான். துண்டுகள் பளபளவென்று இருந்தன. என் பேரப்பிள்ளை கேட்டு அழுதான், நான் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆகவே மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: வயிற்றோட்டக் காலத்திலும் பழம் தின்னலாம். முழுப்பழமாக வாங்கி, கொதித்தாறிய தண்ணீரில் கழுவி, சவர்க்காரம் போட்ட கையால் தானே வெட்ட வேண்டும்.

மாம்பழத்தைத் தண்ணீரில் போடுவது சூடு தணிய என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் காம்படியில் வடிகிற பால். அது உதட்டோரத்தில் பட்டு அவிந்த பிள்ளைகளை ஒவ்வொரு மாம்பழக் காலமும் பார்க்கிறோம். கழுவினால் போய்விடும், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த மூன்றாவது புத்தி, அழுகினதை உடனே எடுப்பது. அதில் ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. எங்கள் அப்பாச்சி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நிலத்தில் விழ விடமாட்டார், கொக்கத்தடியில் பை கட்டித்தான் பறிக்கச் சொல்லுவார். இருட்டறையில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்குவார். விடியற்காலையில் குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்படியைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பார்ப்பார். மெத்தென்று அமிழ்ந்தால் அது அன்றைக்கே சாப்பாட்டுக்கு. கறுப்புப் புள்ளி கண்டால் வெளியே. பழுக்கும் பழம் எதிலீன் என்ற வாயுவை விடும், அடிபட்டது இன்னும் கூடுதலாக விடும், பக்கத்திலிருப்பதும் அவசரமாகப் பழுத்துக் கெடும். வாயுவின் பெயர் தெரியாமலே அந்தக் கை அதைத் தடுத்தது. இன்று கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைக்கிற வியாபாரிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தக் கார்பைட்டில் ஆர்சனிக் கலந்திருக்கும்.

சரி, பனாட்டு. சுரண்டிச் சாப்பிட வேண்டாம். மேலே தெரிவது கொஞ்சம்தான், நூல் போன்ற இழைகள் உள்ளே ஓடியிருக்கும். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு சூடாக்கினாலும் போகாது. மனம் கேட்காதுதான், பாயில் களியை ஊற்றி ஊற்றிக் காயவைத்தவர்களின் உழைப்பு அது. ஆனாலும் எறிந்துவிடுங்கள். முந்தி ஓலைப்பெட்டியில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள், புகையும் சூடும் ஈரத்தை அண்ட விடவில்லை. உங்கள் வீட்டில் காஸ் அடுப்பாகத்தான் இருக்கும். இந்த முறை புரட்டாதியில் வாங்கியதும் முற்றத்து வெயிலில் இன்னொரு நாள் காயவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடுங்கள். ஈரக் கையால் எடுக்காதீர்கள்.